கேட்டில் காற்றிறங்கிய பந்து

என் உயரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

மலாயாவில் சுங்கை காடுட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். பதினேழு வயது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் என் தோளுக்குத்தான் வருவார்கள். வீட்டு நிலையில் நான் இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. நெற்றியில் ஒரு வீக்கம் நிரந்தரமாகக் குடியிருந்தது. மற்ற வீடுகளில் தாய்மார்கள் மகளைப் பார்த்தால் ‘சாப்பிட்டியா’ என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா ‘குனி’ என்பாள். குழாயடியில் நாலு பேர் நின்றால் குனி. விடியக்காலைப் பெரட்டில் ஆள் எண்ணுகிற மண்டோர் பேர் கூப்பிடும்போது குனி. கோயிலில் சாமி முன்னால்கூடக் கொஞ்சம் குனிந்தே நிற்க வேண்டும். சாமிக்கா என்னைப் பெண் கேட்கப்போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லாம் கல்யாணக் கவலைதான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவர்கள் வருமுன்பே அம்மா என்னைப் பாயில் உட்கார வைத்துவிட்டாள். காப்பியையும் உட்கார்ந்தபடியே நகர்த்திக் கொடுக்கச் சொன்னாள். பெண்ணுக்குக் காலில் ஏதும் குறையோ என்று மாப்பிள்ளையின் அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “எங்க, எந்திரிச்சு ரெண்டடி நட பாப்போம்” என்றாள். எழுந்தேன். நான் முழுதாக எழுந்து முடிப்பதற்குள் அவர்கள் காப்பியைக் குடித்து முடித்திருந்தார்கள்.

அப்பா லாரியில் பால் ஏற்றுகிற வேலை செய்தார். குள்ளமான மனிதர், நல்ல மனிதர். “வளர்ற புள்ளய என்னா செய்ய முடியும், வெட்டியா விட முடியும் லா” என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். அம்மாவுக்கு முதுகில் நல்ல வளைவு உண்டு. தோளில் காண்டாக் கம்பு போட்டுப் பால் வாளி தூக்கித் தூக்கி வந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று லயங்களையெல்லாம் முள்கம்பிக்குள் அடைத்து ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். வெளியே போகிறவர்கள் ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோகக்கூடாது. ஆண்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிள், எஸ்.சி. என்று நாங்கள் கூப்பிட்ட காவலர், சோதிப்பார். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டுமே என்று துரை அம்மாவைப் பிடித்துப் போட்டார். குரல் காரணமாக இருக்கலாம். அம்மா குழாயடியில் பேசினால் ஆபீசில் கேட்கும்.

கையில் சிவப்புப் பட்டை கட்டியதும் அம்மா ஆளே மாறிவிட்டாள். சொந்தக்காரி, சிநேகிதி, பிள்ளைத்தாய்ச்சி என்று எவரையும் சும்மா விடமாட்டாள். எல்லாரிலும் என்னைத்தான் அதிகம் சோதிப்பாள். வீட்டில் எனக்குத் தலைசீவிப் பின்னிவிட்டு எனக்கு முன்னால் வேலைக்குப் போன அதே அம்மா, கேட்டில் அந்தப் பின்னலை அவிழ்த்துப் பார்ப்பாள்.

“நீதானம்மா பின்னுன” என்பேன்.

“வீட்ல பின்னுனது ஒங்கம்மா. இங்க நிக்கிறது சட்டம்” என்பாள்.

உள்ளே காலியாக இருக்கிற எந்தப் பொருளும் அம்மாவுக்குச் சந்தேகத்துக்குரியது. யாரோ எங்கோ சைக்கிள் பம்புக்குள் அரிசி கடத்திப் பிடிபட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் கேட்டில் பம்பைக் கொண்டுபோகவே தடை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காய்ச்சலுக்கு மருந்து வாங்கத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். அன்று அவர் மனைவியும் அங்கே இருந்தார், டிரெஸ்ஸரம்மா என்போம். மேல்தட்டில் இருந்த புட்டியை எடுக்க முக்காலி தேடிக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலிருந்தே எட்டி எடுத்துக் கொடுத்தேன். அவர் புட்டியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

“பிள்ளை, ஒருக்கால் நிமிர்ந்து நில்லும் பாப்பம்.”

காய்ச்சல் வேகத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நிமிர்ந்தேன். தலைக்கு மேலே தொங்கிய விளக்கு மண்டையில் பட்டு ஆடியது. டிரெஸ்ஸரம்மா சந்தோஷத்தில் கையைத் தட்டினார். டவுன் பக்கம் ரஹாங்கில் இளைஞர் கிளப் ஒன்று இருக்கிறதாம், அதில் பெண்களுக்குக் கூடைப்பந்து ஆரம்பித்திருக்கிறார்களாம், உயரத்தில் ஒரு வளையம் இருக்குமாம், அதற்குள் பந்தைப் போட வேண்டுமாம். “உமக்கெண்டே கண்டுபிடிச்ச விளையாட்டு” என்றார். காய்ச்சல் அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, நான் ஏதோ சீனக் கூத்தில் சேரப்போவதாகச் சொன்ன மாதிரி பார்த்தாள். விளையாட்டே ஆக வேண்டுமென்றால் வேலிக்குள்ளேயே விளையாடு, நம்ம தோட்டத்திலும்தான் கிளப் இருக்கிறதே என்றாள்.

இருந்தது. ஆபீசில் கணக்கெழுதுகிற சின்னக் கிராணி நடத்தினார். கேரம் பலகை, வாலிபால் வலை, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரைசாணி விட்டுச்சென்ற கூடைப்பந்து, எல்லாம் அதில் உண்டு. பந்து கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. யாரும் அதை விளையாடி நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஆயுதபூஜைக்கு மட்டும் வெளியே எடுத்துச் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்து, கோடாலிக்கும் உளிக்கும் நடுவில் உட்கார வைப்பார்கள். அந்தப் பொட்டு தோலில் ஊறி நிரந்தரமாகிவிட்டது. எப்படித் திருப்பினாலும் பந்து நம்மைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

நான் கேட்டதும் கிராணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வளையம் இல்லையே என்றேன். அதற்கென்ன என்று ஒரு பழைய பால் வாளியைப் பலாமரத்தில் உயரமாக அடித்து வைத்தார். வாளிக்கு அடி இருந்தது. அதை வெட்டி எடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, சுற்றி நின்ற எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நான் முதல் தடவையே பந்தைச் சரியாகப் போட்டேன். அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணாந்து பார்த்தபடி எல்லாரும் கைதட்டினோம். பிறகு ஏணி கொண்டுவந்து எடுத்தோம். மறுபடியும் போட்டேன், மறுபடியும் ஏணி. வாளியின் அடியை வெட்டச் சொன்னபோது, “ஸ்டோர் சாமான வெட்டுனா தொரைக்கு யாரு பதில் சொல்றது?” என்று கிராணி பின்வாங்கிவிட்டார். தோட்டத்து கிளப்பில் என் கூடைப்பந்து அத்தோடு முடிந்தது.

அடுத்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சீனர் புதுக்கிராமம். அங்கேயும் வேலி, அங்கேயும் கேட். ஆனால் உள்ளே அருமையான கூடைப்பந்துத் திடல் இருந்தது. எங்கள் தோட்டத்தில் புல்வெட்ட வரும் சீனப் பெண் ஒருத்தி அங்கே ஆடுகிற பெண்கள் கோஷ்டியின் தலைவி. என் உயரத்தைப் பார்த்து அவளும் மலாயில் கூப்பிட்டாள், “மாரி லா, வந்து வெளாடு” என்று பாதித் தமிழில் வேறு. ஒரு சாயங்காலம் போனேன். எங்கள் கேட்டில் சோதனை, அவர்கள் கேட்டில் சோதனை. திரும்பும்போது அங்கே சோதனை, இங்கே சோதனை. இடையில் விளையாடக் கிடைத்த நேரத்தில் ஒரு வெற்றிலையை மென்று முடிக்க முடியாது. அதோடு அவர்கள் அரைக்கால் சட்டை போட்டு ஆடினார்கள். இதை நான் வீட்டில் சொல்லியிருக்கவே கூடாது.

இப்படி மூன்று கிளப்பையும் அம்மா தராசில் போட்டாள். ஆட்டம், வளையம், பந்து எதுவும் அவள் கணக்கில் வரவில்லை. பாவாடை நீளம்தான் கணக்கு. டிரெஸ்ஸரம்மா வீட்டுக்கே வந்து, ரஹாங்கில் முழங்காலுக்குக் கீழே தொங்கும் பாவாடைதான், சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் தன்னோடு வந்து தன்னோடே திரும்பிவிடலாம், “நீங்கள் ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ” என்றார். அம்மா என்னை நிற்க வைத்து முழங்காலுக்குக் கீழே எவ்வளவு என்று கையால் காட்டச் சொன்னாள். டிரெஸ்ஸரம்மா காட்டினார். அம்மா அந்தக் கையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினாள். டிரெஸ்ஸரம்மா விட்டுக்கொடுத்தார். அப்படித்தான் நான் ரஹாங் கிளப்பில் சேர்ந்தேன்.

ஒரு நிபந்தனை மட்டும் பாக்கி இருந்தது. பாரோயில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். ரஹாங்குக்கும் பாரோய்க்கும் என்ன பெரிய தூரம், யார் கண்ணிலாவது பட்டால் என்று அம்மாவுக்குப் பயம்.

“ஆடு. வேணாங்கல. ஆனா குதிக்காத. குனிஞ்சே ஆடு” என்றாள்.

ரஹாங்கில் வளையம் இரண்டு இருந்தது, பந்து ஒன்றுதான் இருந்தது. டிரெஸ்ஸரம்மா தன் வீட்டுக்காரரைக் கொண்டு சின்னக் கிராணியிடம் பேசி, பொட்டு வைத்த பந்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் எடுத்துப்போய்த் திருப்பி அலமாரியில் வைக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். அங்கேதான் பிடித்தது சனி.

அது பழைய காலத்துப் பந்து. மேலே தோல், உள்ளே ரப்பர்ப் பை. ஆபரேஷன் பண்ணித் தையல் போட்ட வயிறு மாதிரி ஒரு பக்கம் வார் கோர்த்துக் கட்டியிருக்கும். முதல் சனிக்கிழமை கேட்டில் அம்மா அதைக் கையில் வாங்கினாள். உருட்டினாள். காதில் வைத்துக் குலுக்கினாள்.

“உள்ள என்னா?”

“காத்தும்மா.”

“எல்லாரும் அதத்தான் சொல்வாங்க” என்று வாரை அவிழ்க்க ஆரம்பித்தாள். பையை உருவி முடிச்சை அவிழ்த்தாள். புஸ் என்று காற்று அம்மா முகத்திலேயே அடித்தது. அரிசி இல்லை. பொட்டோடு சுருங்கிப்போன தோலையும் பையையும் தனித்தனியாக என் கையில் கொடுத்து, “போ” என்றாள். பின்னால் நின்ற டிரெஸ்ஸரம்மா, இது விளையாட்டுச் சாமான் என்று எடுத்துச் சொல்லப் பார்த்தார். அம்மா அவர் கொண்டையையும் ஒரு தடவு தடவிவிட்டு அனுப்பினாள்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கதை. பம்பைக் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. ஆகவே ரஹாங்கில் இறங்கியதும் முதலில் சீனன் சைக்கிள் கடைக்கு ஓடுவேன். அவன் காற்றடித்துத் தருவான். நான் திடலோரத்து மேடைப்படியில் உட்கார்ந்து வாரைக் கோர்த்துக் கட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் பாதி ஆட்டம் ஆடியிருப்பார்கள். போன வாரம்தானே நிறைய அடித்தேன், எப்படி இறங்கியது என்று கடைக்காரன் கேட்பான். எங்கம்மா என்பேன். அவன் பரிதாபமாகப் பார்ப்பான்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரெஸ்ஸரம்மா யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் ஆடியது நெட்பால். பந்தைக் கையில் வாங்கினால் அதில் காலை நகர்த்தக்கூடாது. கூடைப்பந்தும் அதன் அக்காள் தங்கை முறைதான் என்று நினைத்து அதையே எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விசில் ஊதுவார். நாங்கள் பந்தை வாங்கினால் நட்டுவைத்த மாதிரி நிற்போம். அப்படி நிற்பதில் எங்களைத் தோற்கடிக்க நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே ஆள் இருந்திருக்காது.

என் பிரச்சினை வேறு. வளையம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் பந்து வந்ததும் முதுகு தன்னால் வளைந்துவிடும். கழுத்து தோளுக்குள் இறங்கிவிடும். நிமிர நினைப்பேன், காதில் ‘குனி’ என்று கேட்கும். பந்து வளையத்துக்குக் கீழேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். மற்ற பெண்கள் எல்லாம் என் தோளுக்குக் கீழே இருந்துகொண்டு எனக்கு மேலே பந்தைப் போட்டார்கள். ராத்திரி படுத்தால் அழுகை வரும். உலகத்திலேயே என் உயரத்துக்கு வேலை இருக்கிற ஒரே இடம் அது. அங்கேயும் நான் குள்ளமாக நின்றுகொண்டிருந்தேன்.

புதுக்கிராமத்துப் பெண்களோடு ஒரு பந்தயம் ஏற்பாடாயிற்று. டிரெஸ்ஸரம்மா ஐந்து பேரைச் சொன்னார். என்னையும் சொன்னார். பிறகு என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

“பிள்ளை, முதல் பாதி பாப்பன். கூனிக்கொண்டே நிண்டீரெண்டால் மாத்திப் போடுவன். பிறகு உமக்கு இதிலை இடமில்லை. நான் என்ன செய்ய, மற்றப் பிள்ளையளும் காத்துக்கொண்டு நிக்கினம்.”

வீட்டில் அம்மா வேறு விதமாகச் சொன்னாள். “அன்னிக்குக் கும்பல் வரும். பாரோய்க்காரங்களும் வந்தாலும் வருவாங்க. நீ எங்க குதிச்சிறப்போறியோன்னு நானே வந்து நிக்கிறேன்.” நிமிராவிட்டால் கிளப் போச்சு. நிமிர்ந்தால் அம்மா. நான் அந்த வாரம் முழுக்க மரம் சீவினேனா, மரம் என்னைச் சீவியதா என்று தெரியாது.

பந்தயத்தன்று மத்தியானம் அம்மா கேட் வேலையிலிருந்து நேராக அப்பாவோடு வந்தாள். கையில் சிவப்புப் பட்டையைக் கழற்ற மறந்திருந்தாள், அல்லது மறக்கவில்லை. ரஹாங் திடலைச் சுற்றிச் சீனர்களும் தமிழர்களும் குடையும் பிள்ளைகளுமாகக் கூட்டம். அம்மாவை உரசிக்கொண்டு போன ஒரு சீனக் கிழவியை அம்மா பழக்க தோஷத்தில் பிடித்து நிறுத்தி இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டாள். கிழவி கத்திய கத்தல் எனக்குத் திடலின் நடுவில் கேட்டது. அப்பா குறுக்கே புகுந்து கையெடுத்துக் கும்பிட்டுச் சமாளித்தார்.

விசில் ஊதினார்கள். எதிரணிப் பெண்கள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடினார்கள். நாங்கள் திகைத்துப்போனோம். அப்படி ஓடலாம் என்றே எங்களுக்கு அன்றுதான் தெரியும். எங்கள் கையில் பந்து வந்தபோதெல்லாம் நாங்கள் ஒழுக்கமாக நின்றோம். அவர்கள் வந்து, எங்கள் கையிலிருந்து சந்தையில் கத்தரிக்காய் எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். நான் குனிந்தபடியே திடலைச் சுற்றி வந்தேன். டிரெஸ்ஸரம்மா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை எழச் சொல்லிக் கை காட்டுவதைப் பார்த்தேன். என் இடத்துக்குத்தான்.

அந்த நேரம் பார்த்துப் பந்து என் கைக்கு வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. வளையம் நேர் எதிரே. நான் வளையத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைத் தேடினேன். அம்மா நின்ற இடத்தில் குடைகளும் முதுகுகளும் மறைத்துக்கொண்டிருந்தன. காணோம்.

பிறகு கண்டேன். குடைகளுக்கு மேலே, ஆண்களின் தலைகளுக்கு மேலே, அம்மாவின் முகம் இருந்தது. பெஞ்சில் ஏறி நிற்கிறாளோ என்று நினைத்தேன். பெஞ்சு எதுவும் அங்கே கிடையாது. முன்னால் நின்றவர்கள் மறைத்ததால், என்னைப் பார்ப்பதற்காக அம்மா நிமிர்ந்திருந்தாள். அவ்வளவுதான். பதினேழு வருஷம் அந்த மனுஷியோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அவள் என்னைவிட உயரம் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் அப்பா அவள் மார்பளவில் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் நடப்பதற்காகவே அந்த முதுகு வளைந்திருக்கிறது, பால் வாளியால் அல்ல.

குதித்தேன். எவ்வளவு உயரம் என்று தெரியாது. பந்தை வளையத்துக்குள் போடவே வேண்டியிருக்கவில்லை, வைத்தேன். அது அடியில்லாத வளையம். பந்து கீழே விழுந்தது, ஏணி தேவைப்படவில்லை.

தோற்றோம். நன்றாகவே தோற்றோம். ஆனால் என்னை மாற்றவில்லை. முடிந்ததும் புதுக்கிராமத்துத் தலைவி வந்து என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் குதித்ததற்கு எந்த நேரத்தில் அடி விழப்போகிறதோ என்று காத்திருந்தேன். வெகுதூரம் வந்தபின் அப்பாவிடம் திரும்பினாள்.

“அந்தப் பாரோய்ப் பையன் என்னா ஒசரம் இருப்பான்?”

அப்பா யோசித்தார். “நம்ம அளவுதான் இருப்பான் லா.”

“அப்ப வேணாம்.”

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. ரொம்ப நேரம் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கேட்டில் வரிசையில் நின்றேன். பஸ் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா வழக்கம்போலப் பின்னலை அவிழ்த்தாள். பந்தை வாங்கினாள். இன்றாவது விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். வாரை உருவினாள், முடிச்சை அவிழ்த்தாள், காற்றை விட்டாள், பைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். அரிசி இல்லை என்று எஸ்.சி.யிடம் தலையாட்டினாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கையை நீட்டினேன்.

அம்மா கொடுக்கவில்லை. பையின் வாயைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்ப, கண் பிதுங்க, சிவப்புப் பட்டை கட்டிய கையால் பையைப் பிடித்துக்கொண்டு ஊத ஆரம்பித்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எஸ்.சி. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தார். பஸ்காரன் ஹாரனை நிறுத்தவில்லை. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஊதி, முடிச்சுப் போட்டு, தரையில் உட்கார்ந்து வாரையும் தானே இறுக்கிக் கட்டினாள். பொட்டு பழையபடி வட்டமாக வந்தது.

எழுந்து என் கையில் கொடுத்தாள். பேச மூச்சு இல்லை அவளுக்கு. முகவாய்க்கட்டைக்குக் கீழே ஒரு விரலை வைத்து என் முகத்தை மேலே தூக்கிவிட்டு, போ என்று கையைக் காட்டினாள்.